நாய்க்குட்டி எடுக்க முன்

சென்ற வருடம் மாசி மாதக் கடைசியில் எங்கள் கிராமத்து மாதர் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஓர் அக்கா என்னைத் தூண் பக்கமாக அழைத்துப் போனார். கடன் விடயமாக ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கேட்டது வேறு.

"மிஸ், நீங்க நாலு ஊர் போய் வாற ஆள். எங்கயாச்சும் நாய்க்குட்டி இருந்தாச் சொல்லுங்க. ஆண் குட்டியா இருக்கணும். நல்லாக் கடிக்கிற சாதியா இருக்கணும்."

உடப்புக்கும் சிலாபத்துக்கும் இடையே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பும் ஒல்லாந்தர் கால்வாயுமாகக் கிடக்கும் கரையோரக் கிராமங்களில் ஒன்று எங்களுடையது. வைகாசி பிறந்து தென்மேல் காற்று எழும்பினால் இந்தக் கரையில் கடல் கொந்தளிக்கும். ஆண்களில் ஒரு பகுதியினர் வலையையும் சட்டி பானையையும் கட்டிக்கொண்டு கிழக்குக் கரைக்கு வாடிக்குப் போய்விடுவார்கள். ஐப்பசிக்குப் பிறகுதான் திரும்பி வருவார்கள். அக்காவின் கணவரும் அப்படிப் போகிறவர்தான். வீட்டில் பதினைந்து வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். கடற்கரைப் பக்கம் கடைசி வீடு அவருடையது. மலசலகூடம் வளவின் மூலையில், வெளிச்சம் இல்லாத இடத்தில் இருக்கிறது. முந்திய வருடம் இரண்டு தடவை இரவில் யாரோ வேலியோரம் வந்து நின்றிருக்கிறார்கள். பொலிசில் சொன்னால் "ஆளைத் தெரியுமா?" என்பார்கள். ஊரில் சொன்னால் பெரிய பிள்ளையின் பெயரை இழுப்பார்கள். ஆகவே அவர் ஒரு நாயைத் தேடினார். எங்கள் கரையில் ஒரு பெண் நாய் வளர்ப்பது பொழுதுபோக்குக்காக அல்ல என்பதை வாசிக்கும் சகோதரிகளில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

"பார்க்கிறேன் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். "கடிக்கிற சாதி" என்ற வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஏனென்றால் அப்படிப்பட்ட ஒரு நாயை நாங்களே வளர்த்தோம். அது கடித்தது கள்வனை அல்ல.

2020 ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் என் தம்பி ஒரு கறுப்பு ஆண் குட்டியைக் கொண்டுவந்தான். களப்போரத்து இறால் பண்ணை ஒன்றில் வேலை செய்யும் நண்பனிடம் வாங்கியது. தாய் நாய் பண்ணைக் கொட்டிலுக்குப் பின்னால் குட்டி ஈன்றிருந்தது. ஐந்து கிழமைதான் ஆகியிருக்கும். பால் மறக்காத குட்டி. இரவெல்லாம் கத்தியது. அம்மா பழைய சேலைத் துண்டில் சுற்றி அடுப்படியில் வைத்துக்கொண்டார். கறுப்பன் என்று பெயர் வைத்தோம்.

அடுத்து நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொரோனா தொற்றின் காரணமாக இலங்கையில் முதன்முதலில் ஊரடங்கு போடப்பட்ட இடங்களில் புத்தளமும் சிலாபமும் அடங்கும். அது 2020 மார்ச் 18 ஆம் திகதி. இரண்டு நாளில் நாடு முழுவதும் மூடப்பட்டது. பின்னர் இடையிடையே தளர்த்தினாலும், ஊரடங்கு முற்றாக நீக்கப்பட்டது ஜூன் 28 இல்தான். அந்த மாதங்களில் எங்கள் படலையை யாரும் திறக்கவில்லை. மீன்காரர் சைக்கிள் வரவில்லை, பாண்காரர் ஓட்டோ வந்தாலும் முகக்கவசத்தோடு தூரத்தில் நின்று கொடுத்துவிட்டுப் போனார். உறவினர் வரவில்லை. கோயில் மேளம் இல்லை, பிள்ளைகள் தெருவில் விளையாடவில்லை. கறுப்பன் அம்மாவையும் அப்பாவையும் தம்பியையும் என்னையும் தவிர வேறு மனித முகம் காணாமல், எங்கள் கிடுகு வேலிக்குள்ளேயே வளர்ந்தான்.

நாங்கள் அதைக் குறையாகவே நினைக்கவில்லை. ஐந்தாறு மாதமானபோது வேலிக்கு வெளியே யார் இருமினாலும் பாய்ந்து குரைத்தான். மின்மானி வாசிக்க வந்தவர் ஓடியே போனார். அப்பாவுக்கு ஒரே பெருமை. "வேற்று ஆளை அண்ட விடமாட்டான்" என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். நானும் சிரித்தேன். அவன் குரைக்கும்போது வால் காலிடுக்கில் இருந்ததையும், ஓரடி முன்னே பாய்ந்து இரண்டடி பின்னே போனதையும் நான் பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் அது பயம் என்று எனக்கு விளங்கவில்லை. வீரம் என்று நினைத்தேன்.

2021 தைப்பொங்கலன்று காலை பக்கத்து வளவுச் சிறுமி ஒரு தட்டில் பொங்கலும் வாழைப்பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஏழு வயது. கறுப்பனுக்கு அவளுடைய குரல் தெரியும், வேலிக்கு அப்பாலிருந்து நாளும் கேட்ட குரல். முகம் தெரியாது. புதுச் சட்டை போட்டிருந்தாள், கையில் பளபளக்கும் தட்டு. படலையைத் திறந்து உள்ளே வந்து, நாயைக் கண்டதும் கத்திக்கொண்டு ஓடினாள். நான் வெளியே வந்தபோது தட்டு மண்ணில் கிடந்தது. பிள்ளையின் முழங்கைக்குக் கீழே சதை கிழிந்து இரத்தம் வழிந்தது.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுத வேண்டும். நாய் கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று மாதர் சங்கங்களில் நானே வகுப்பு எடுத்திருக்கிறேன். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளோ கோப்பித்தூளோ சுண்ணாம்போ வைக்கக் கூடாது, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். அன்று அம்மா மஞ்சள்தூளை அள்ளி வைத்தபோது நான் பக்கத்தில் நின்று பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். எதிர்வீட்டு மிட்வைப் மிஸ்தான் ஓடி வந்து, என்னைத் தள்ளிவிட்டு, பிள்ளையைக் குழாயடிக்குத் தூக்கிப் போனார்.

கறுப்பனுக்கு விசர்நாய்த் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. ஊரடங்கில் முடியவில்லை என்பது முதல் நான்கு மாதத்துக்குச் சரி. அதற்குப் பிறகு இருந்த ஆறு மாதத்துக்கு என்ன பதில்? இலங்கையில் 1973 இல் மாத்திரம் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் இறந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி, கடிபட்டவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச ஊசி என்று பல வருட முயற்சியால் அந்த எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. ஆனால் நோய் வந்துவிட்டால் பிழைப்பது இல்லை என்ற நிலை இன்னும் மாறவில்லை. பிள்ளைக்கு ஊசி தொடங்கினார்கள். நாயைக் கட்டி வைத்து இரண்டு கிழமை கவனிக்கச் சொன்னார்கள்.

அந்தப் பதினான்கு நாட்களும் சிறுமியின் தாய் ஒவ்வொரு நாள் காலையிலும் வேலியருகே வந்து நிற்பார். என்னைப் பார்க்க மாட்டார். "நாய் சாப்பிட்டதா?" என்று மட்டும் கேட்பார். சாப்பிட்டது என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பதினைந்தாம் நாள் வரவில்லை. அதன் பிறகு மூன்று வருடம் எங்களோடு கதைக்கவும் இல்லை.

கறுப்பனைச் சந்தைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு என்று பலர் சொன்னார்கள். எங்கள் பகுதியில் வேண்டாத நாய்க்கும் பெட்டைக் குட்டிகளுக்கும் எல்லோரும் செய்வது அதுதான். 2006 இலிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசாங்கம் நிறுத்தியிருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் வீட்டில் வளர்ந்த நாயைச் சந்தையில் விடுகிறவர்கள் மட்டும் குறைந்தபாடில்லை. நான் மறுத்தேன். நம்முடைய வளவுக்குள் பயத்தோடு வளர்ந்ததை ஊர்ப் பிள்ளைகள் நடுவே கொண்டுபோய் விடுவது எந்த நியாயம்? பின்வளவில் கம்பி வலை அடித்து அதற்குள் வைத்தோம். இன்றும் இருக்கிறான். எங்கள் நால்வருக்கும் உயிர். வேறு யாரைக் கண்டாலும் உடம்பு நடுங்க நடுங்கக் குரைப்பான்.

ஏன் இப்படி ஆனான் என்று அறிய நான் புத்தகங்களைத் தேடியது அதற்குப் பிறகுதான். தேடியபோது, கிடைத்தது எனக்கு முன்பே தெரிந்த ஒரு சொல். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் முதலாம் வருடத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த சொல்: சமூகமயமாதல்.

அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் என்ற இருவர் பல வருடம் நாய்க்குட்டிகளைப் பிறந்த நாளிலிருந்து கவனித்து, 1965 இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டார்கள். நாய்க்குட்டிக்கு ஏறத்தாழ மூன்றாம் கிழமையில் ஒரு கதவு திறக்கிறது, பன்னிரண்டாம் கிழமையளவில் அது மெல்ல மூடத் தொடங்குகிறது என்பது அவர்கள் கண்டது. கண் திறந்து, காது கேட்கத் தொடங்கி, கால் ஊன்றிய அந்தச் சில கிழமைகளில் எதைக் கண்டதோ, எதை முகர்ந்ததோ, யார் கையில் இருந்ததோ அதெல்லாம் குட்டிக்குத் தன் உலகம். அந்தக் காலம் கழிந்த பின்னர் முதன்முதலாகக் காண்பது எதுவானாலும் முதலில் ஆபத்து. அதே ஆய்வுகூடத்தில் 1961 இல் வெளிவந்த இன்னோர் ஆய்வும் உண்டு. குட்டிகளைத் தாயோடு வேலியடைத்த ஒரு வெளியில் மனிதர் அண்டாமல் வளர விட்டார்கள். சில குட்டிகளை மட்டும் வெவ்வேறு வயதில் ஒவ்வொரு கிழமை வெளியே எடுத்து மனிதரோடு பழக விட்டார்கள். ஏழாம் கிழமையை அண்டிப் பழகியவை மனிதரை நன்றாக ஏற்றுக்கொண்டன. பதினான்கு கிழமை வரைக்கும் ஒருவரோடும் பழகாதவை காட்டு விலங்கு போல ஓடி ஒளிந்தன.

கறுப்பனின் நாட்களை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். ஊரடங்கு போட்டபோது அவனுக்கு ஏழாம் கிழமை. ஊரடங்கு முற்றாக நீங்கியபோது இருபத்தொரு கிழமை கடந்துவிட்டது. கதவு திறந்திருந்த காலம் முழுவதும் எங்கள் படலை மூடியிருந்தது.

பிள்ளையையும் நாயையும் ஒப்பிடுகிறாளே என்று யாரும் கோபிக்க வேண்டாம். சமூகவியல் படித்தவர்களுக்கு அன்னா, இசபெல் என்ற இரண்டு சிறுமிகளைத் தெரியாமல் இருக்காது. கிங்ஸ்லி டேவிஸ் என்ற சமூகவியலாளர் எழுதிய உண்மைச் சம்பவங்கள். இருவரும் 1938 இல் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்டார்கள். அன்னா ஓர் அறைக்குள் எவரும் பழகாமல் வளர்ந்தவள். மீட்ட பிறகும் அதிகம் தேறவில்லை, 1942 இல் இறந்துபோனாள். இசபெல் ஆறரை வயது வரை காது கேளாத, வாய் பேசாத தாயோடு இருட்டறையில் அடைபட்டிருந்தவள். ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் முறையான பயிற்சி கிடைத்ததும் ஏறத்தாழ இரண்டே வருடத்தில் தன் வயதுப் பிள்ளைகளை எட்டிப் பிடித்தாள். அவளுக்குத் தாயின் மடியாவது இருந்தது. பரீட்சைக்காக இதை எழுதி நல்ல புள்ளி எடுத்தவள் நான். என் வீட்டு முற்றத்தில் நடந்தபோது கண்டுகொள்ளவில்லை. மனிதப் பிள்ளைக்கு வருடக் கணக்கில் திறந்திருக்கும் கதவு நாய்க்குட்டிக்குக் கிழமைக் கணக்கில்தான் திறந்திருக்கிறது.

இதையெல்லாம் அந்த அக்காவிடம் இப்படியே சொல்லவில்லை. கறுப்பனின் கதையை மட்டும் சொன்னேன். கதை அவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். நான் வாயால் சொன்னதுதான் புதிது. கேட்டுவிட்டு அவர், "அப்போ எல்லாரோடயும் பழகின நாய் காவல் காக்குமா மிஸ்? வாறவன் போறவனுக்கெல்லாம் வால் ஆட்டாதா?" என்றார்.

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது, பகலில் படலையால் வருகிறவர் யார், இரவில் வேலியைப் பிரிக்கிறவர் யார் என்று பிரித்தறிய நாய்க்கு மனிதரைத் தெரிந்திருக்க வேண்டும். மனிதரையே தெரியாத நாய்க்கு மிட்வைப் மிஸ்ஸும் கள்வனும் ஒன்று. அது எல்லோரையும் பார்த்துக் குரைப்பதால், சில நாளில் வீட்டுக்காரர் எழும்பிப் பார்ப்பதையே விட்டுவிடுவார்கள். கறுப்பன் இரவில் குரைத்தால் நாங்கள் யாரும் எழும்புவதில்லை. அக்காவுக்கு வேண்டியது கடிக்கிற நாய் அல்ல, காரணத்தோடு குரைத்து எழுப்புகிற நாய். கடித்தால் முதலில் கடிபடுவது அவருடைய சின்ன மகளோடு விளையாட வருகிற பிள்ளைகள்தான். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "சரி, நீங்களே வந்து பாருங்க" என்றார்.

இரண்டு இடங்கள் பார்த்தோம். முதலாவது ஒரு தென்னந்தோட்டத்துக் காவல்காரர் வீடு. குட்டிகள் கொழுகொழுவென்று அழகாக இருந்தன. அப்பன் நாய் ஏதோ வெளிநாட்டுச் சாதி என்றும், ஒரு குட்டிக்கு இவ்வளவு என்றும் விலை சொன்னார். தாயைப் பார்க்க வேண்டும் என்றோம். "அது கிட்டப் போக ஏலாது, கடிக்கும்" என்றார். தாய் தோட்டத்துக் கோடியில் சங்கிலியில் கிடந்து துள்ளியது. குட்டிகள் ஒரு பெட்டிக்குள் இருந்தன. கையை நீட்டினால் எல்லாம் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒளிந்தன. ஒன்பது கிழமையாம். அக்கா விலையைக் கேட்டுத் திரும்பினார். நான் பெட்டியைப் பார்த்துத் திரும்பினேன்.

இரண்டாவது, கடற்கரையில் கருவாடு காய வைக்கும் ஓர் அம்மாவின் கொட்டில். தாய் நாய் சாதாரண ஊர் நாய், செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. நாங்கள் போனதும் எழும்பி வந்து மணந்து பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டது. ஐந்து குட்டிகள், ஆறு கிழமை. பாய் விரித்துக் கருவாடு புரட்டும் பெண்களின் கால்களுக்கிடையில் உருண்டு திரிந்தன. ஒருத்தி குட்டியை மிதித்துவிடப் போய் "போ சனியனே" என்று தள்ளுவாள், அடுத்த நிமிடம் அவளே தலை மீனை எறிவாள். கரைவலை இழுப்பவர்களின் ஏலோலம், ட்ரக்டர் சத்தம், காகக் கூட்டம், ஐஸ் லொறி என்று அத்தனையும் அந்தக் குட்டிகளுக்குத் தாலாட்டு மாதிரி. எந்த ஆய்வுகூடமும் இதைவிட நல்ல பள்ளிக்கூடம் அமைக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

நான் கைகளை ஒருதரம் தட்டினேன். இரண்டு குட்டிகள் ஓடி ஒளிந்தன. ஒன்று திரும்பியும் பார்க்காமல் மீன் செதிலைத் தின்றது. ஒன்று பாய்ந்து வந்து என் செருப்பு வாரைக் கடித்து இழுத்தது, விடவே இல்லை. ஐந்தாவது குட்டி திடுக்கிட்டு ஓரடி பின்னே போய், நின்று பார்த்து, பிறகு மெல்ல வந்து கையை முகர்ந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. திடுக்கிடாத பிராணி இல்லை, திடுக்கிட்ட பிறகு திரும்பி வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மல்லாத்திப் பிடித்தேன். கொஞ்சம் உதைத்துவிட்டு அடங்கியது. ஆனால் அது பெட்டை.

"பொட்டக் குட்டியா?" என்று அக்காவின் முகம் சுருங்கியது. வருடத்துக்கு இரண்டு தடவை குட்டி போடும், ஊர் ஆண் நாயெல்லாம் வாசலில் நிற்கும், யார் பார்ப்பது? இந்தப் பயத்தால்தான் எங்கள் ஊரில் பெட்டைக் குட்டிகள் கண் திறக்க முன்னே சாக்கில் போகின்றன. கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம், அதற்கான முகாம் வரும்போது நானே கொண்டுபோய் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கருவாட்டு அம்மா இடையில் புகுந்து, "பொட்ட நாய்தான் வீட்டை விட்டுப் போகாது. ஆண் நாய் ஊர் சுற்றும்" என்றார். என் படிப்பைவிட அந்த வார்த்தைதான் அக்காவிடம் எடுபட்டது.

அன்றே தூக்கிக்கொண்டு வர அவருக்கு ஆசை. நான் விடவில்லை. ஆறு கிழமையில் பிரிக்கக் கூடாது, இன்னும் இரண்டு கிழமை தாயோடும் கூடப்பிறந்தவையோடும் இருக்கட்டும் என்றேன். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போதுதான், எவ்வளவு கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும் என்று கற்கின்றன. கடியின் அளவை வேறு யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. கறுப்பனுக்கு அந்தப் பாடமும் கிடைக்கவில்லை.

எட்டாம் கிழமை வீட்டுக்கு வந்தாள். சின்ன மகள் செம்பி என்று பெயர் வைத்தாள். அடுத்த ஒன்றரை மாதம் அந்த வீட்டில் ஒரு வேடிக்கையான பாடசாலை நடந்தது. தடுப்பூசிகள் முடியும் வரைக்கும் தெருவில் இறக்கக் கூடாது. பார்வோ என்ற வயிற்றுக் கழிச்சல் எங்கள் பகுதியில் குட்டிகளை வாரிக்கொண்டு போகிறது. அதற்காக வீட்டுக்குள் பூட்டியும் வைக்கக் கூடாது. அமெரிக்க மிருக நடத்தை வைத்தியர் சங்கமே 2008 இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முதல் மூன்று மாதம்தான் பழக்கும் காலம், ஊசிகள் எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் போய்விடும். இரண்டுக்கும் வழி, குட்டியைத் தூக்கிக்கொண்டு திரிவதுதான். மூத்த மகள் பாடசாலை விட்டு வந்ததும் அதைக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடம் வரை போய் வருவாள். குடை பிடித்தவர், ஹெல்மட் போட்டவர், சீருடைக்காரர், தாடி வைத்தவர், தடி ஊன்றிய கிழவர், அபாயா அணிந்த பெண்கள் என்று ஒவ்வொரு நாளும் புதிய ஒருவரைக் காட்ட வேண்டும். யார் கையிலும் திணிக்கக் கூடாது. குட்டி தானாக எட்டிப் பார்க்க வேண்டும், பார்த்ததும் ஒரு துண்டு அவித்த மீன்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தோம். எங்கள் தெருவில் முஸ்லிம் குடும்பங்களும் இருக்கின்றன. நாய் உடையில் படுவதை அவர்கள் விரும்ப மாட்டார்கள். அது அவர்களுடைய மார்க்க ஒழுங்கு. ஆகவே பழகிய நாய் என்றால் எல்லோர் மேலும் பாய்ந்து நக்குகிற நாய் என்று ஆகிவிடக் கூடாது. ஆட்கள் கடந்து போகும்போது உட்கார்ந்தால் மீன், பாய்ந்தால் ஒன்றுமில்லை. இரண்டு கிழமையில் பிடித்துக்கொண்டது. தெருமுனைக் கடை நானா, "உங்க நாய் எங்களைக் கண்டா மரியாதையா உட்காருது" என்று சொல்லிச் சிரித்தார். அக்காவுக்கு அன்று இருந்த முகமலர்ச்சி சொல்லி முடியாது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுதினால் பொய். கணவர் வாடிக்குப் போக முன் ஒருநாள் குட்டியைத் தடியால் அடித்துவிட்டார். செருப்பைக் கடித்ததாம். அது மூன்று நாள் ஆண்களைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்க் கிடந்தது. அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதார். கணவரையே மூன்று நாளும் சோறு வைக்கச் சொன்னோம். வெட்கப்பட்டுக்கொண்டு வைத்தார். பட்டாசுச் சத்தமும் முற்றாகச் சரிவரவில்லை. தூரத்திலிருந்து சிறிது சிறிதாகப் பழக்கினோம். இருந்தும் ஆடியில் உடப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதித் திருவிழாவுக்கு எங்கள் பக்கத்து இளைஞர்கள் வெடி கொளுத்தியபோது செம்பி அடுப்படியில் போய் ஒளிந்தாள். ஆனால் சோற்று மணம் வந்ததும் வெளியே வந்தாள். கறுப்பன் அந்த இரவு கம்பி வலையைக் கடித்து வாயைக் கிழித்துக்கொண்டான்.

ஆவணியில் ஓர் இரவு ஒரு மணிக்குச் செம்பி குரைத்தாள். வழக்கமாகக் குரைக்காத குட்டி என்பதால் அக்கா உடனே எழும்பி வெளிவிளக்கைப் போட்டார். பக்கத்து வீட்டாரும் விளக்குப் போட்டார்கள். வேலியோரம் யாரோ ஓடிய சத்தம் கேட்டதாம். மாடாகவும் இருக்கலாம் என்கிறார் அக்கா. இப்போது இரவில் மகள்கள் வெளியே போகும்போது செம்பியும் கூடப் போகிறது. கருத்தடை முகாம் வந்தபோது, கொடுத்த வாக்குப்படி நானே ஓட்டோவில் கொண்டுபோய் வந்தேன். வரும் வழியெல்லாம் என் மடியில் வாந்தி எடுத்தது.

சென்ற மாதம் அக்காவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். பொங்கலன்று கடிபட்ட சிறுமி படலையில் வந்து நின்றாள். இப்போது பன்னிரண்டு வயது. அக்காவின் சின்ன மகளிடம் ஏதோ கொப்பி வாங்க வந்தவள். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு, கொஞ்சம் பளபளப்பாக, இன்னும் இருக்கிறது. நாயைக் கண்டதும் படலைக் கம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். சின்ன மகள், "வா, ஒண்டும் செய்யாது" என்று கூப்பிட்டாள். கூப்பிடாதே என்று நான் கையைக் காட்டினேன். அதே வார்த்தையைத்தான் நாங்கள் கறுப்பனைப் பற்றியும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

செம்பி அவளைப் பார்த்தது. எழும்பி நாலடி போய், பழக்கிய மாதிரி உட்கார்ந்துகொண்டது. சிறுமி நெடுநேரம் நின்றாள். பிறகு படலைக்கு வெளியே நின்றபடியே கம்புகளுக்கிடையில் கையை நீட்டினாள். தழும்பு இல்லாத கை. நாய் முகர எழும்பியதும் சட்டென்று இழுத்துக்கொண்டாள். அது மீண்டும் உட்கார்ந்தது. அந்த நேரம் தெருவில் அவளுடைய அம்மா கூப்பிடும் குரல் கேட்டது. கொப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"நாளைக்கும் வா" என்று நான் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.